இதர

கூட்டம் நடந்தது கல்யாண மண்டபத்தில்,
கருப்பூர் தாண்டி, வலது கைப் பக்கம்.
மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும்
சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில்
கோட்டாட்சியரும் கம்பெனியின் பொது மேலாளரும்.
பின்னால் தெர்மாகோலில் வெட்டிய இரண்டு அன்னங்கள்,
முந்தின நாள் முகூர்த்தத்தில் மிச்சமானவை.

நான் குறிப்பெடுக்க வந்தவள்.
நாளுக்கு எழுநூற்றைம்பது, பஸ் செலவு தனி.
தமிழில் கேட்டுத் தமிழில் எழுத வேண்டும்.
ஆனாலும் அது மொழிபெயர்ப்பு வேலைதான்.

வெள்ளைக்கல் சுரங்கம், மூன்றாம் கட்ட விரிவாக்கம்.
திரையில் ஒரு கோடு
இடது கீழ் மூலையிலிருந்து ஏறிக்கொண்டே போனது.
ஏறி, திரையின் விளிம்பில் நின்றது.
அதற்கு மேல் சுவர்.
சுவரில் ‘மொய் எழுதும் இடம்’ என்று ஒரு அம்புக்குறி.

மெய்யழகன் பேசினான். டிப்ளமோ, மெக்கானிக்கல்.
“அண்ணன் திருப்பூர்ல, நான் ஓசூர்ல.
அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு போன் வந்து
நாங்க பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள
எல்லாம் முடிஞ்சு போச்சுங்க.
இங்கயே வேலை குடுங்க.”
கை தட்டினார்கள்.
குறிப்பெடுப்பவள் தட்டக் கூடாது. தட்டிவிட்டேன்.
அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட
இன்றுவரை என்னால் அடிக்க முடியவில்லை.

பிறகு பாவாயி.
அதே சுரங்கத்தில் கல் பிரிப்பவள்,
பதினொரு வருஷமாக ஒப்பந்தக் கூலி.
மைக் வேண்டாமென்றாள்,
கிரஷர் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய தொண்டை.
“இருக்கற பள்ளத்துலயே இன்னும் கல்லு கெடக்குதுங்க.
அது போதும்.”

நஷ்ட ஈடு பத்தலையா?
அது இல்லீங்க.
வேலை நிரந்தரமாகணுமா?
குடுத்தா வாங்கிக்குவனுங்க. ஆனா அதுக்காவச் சொல்லல.
கோயிலுக்கு ஏதாவது?
இல்லீங்க.
பின்னே என்னதாம்மா வேணும் உனக்கு?
“ஒண்ணும் வேண்டாங்க. அதத்தான சொல்றன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
என் படிவத்தில் ஆட்சேபணைக்கு நான்கு கட்டங்கள்:
கூடுதல் இழப்பீடு, வேலைவாய்ப்பு, மாற்றிடம், இதர.
முதல் மூன்றும் இன்னும் கொஞ்சம் கேட்பவர்களுக்கு.
இதரவில் டிக் போட்டேன்.
பக்கத்தில் விளக்கத்துக்கு ஒன்றரை அங்குல இடம்.

ஒரு மணிக்குச் சாப்பாடு, கம்பெனி செலவு.
ஆட்சேபித்தவர்களும் உட்கார்ந்தார்கள்.
பாவாயி எனக்கு எதிர்ப் பந்தி.
ரசத்துக்குப் பிறகு மறுசோறு வாளியோடு வந்த பையன்
அவள் இலைமேல் குனிந்தான்.
அவள் எச்சில் கையை இலைக்கு மேலே விரித்தாள்.

பையன் நகர்ந்து போனான்.
சோறு சரியில்லையா என்று கேட்கவில்லை.
நீ சமையலுக்கு எதிரியா என்று கேட்கவில்லை.
கையை எடு, உன் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பார்
என்று கேட்கவேயில்லை.

நான் கையை விரிக்கவில்லை.
பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.
எங்கள் மாடி வீட்டுக் கம்பி உருகிய உலையில்
உள்ளே பதித்த செங்கல் இந்தக் கல்லாக இருக்கலாம்
என்று அன்று காலை திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
இன்னும் நூற்றுநான்கு தவணை பாக்கி.

மாலையில் தட்டச்சு செய்து கொடுத்தேன்.
விளக்கம்: ‘போதும் என்கிறார்.’
மறுநாள் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது.
எது போதும்? எவ்வளவு போதும்?
யாருக்கு, எந்த ஆண்டு வரை?
தெளிவுபடுத்தி அனுப்பவும்.

நான்கு நாளாகத் தெளிவுபடுத்திக்கொண்டிருக்கிறேன்.
ஜன்னலில் சேர்வராயன் மலை
லாரிப் புழுதிக்குப் பின்னால் பாதி தெரிகிறது,
பத்து மணிக்கு மேல் அதுவும் இல்லை.
‘வளர்ச்சிக்கு எதிரானவர்’ என்று எழுதி அடித்தேன்.
‘காரணம் தெரிவிக்கவில்லை’ என்று எழுதி
அதையும் அடித்தேன், அவள் தெரிவித்தாளே.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
ஒன்றரை அங்குலம்.
ஒரு கை வரைய
இடம் போதும்.